பங்குனி மாதத்துச் சின்னச் சந்தோஷங்கள்



போன மாதம் எழுதிய வாழைப்பூ வடைக்கு வந்த கடிதங்களை இன்னும் படித்து முடிக்கவில்லை. "பூவை ஆய்வதற்குள் பொழுது போய்விடுகிறது, உங்களுக்கு எப்படித்தான் கை வருகிறதோ!" என்று ஒரு சகோதரி அலுத்துக்கொண்டிருக்கிறார். வாஸ்தவம்தான். எனக்கே இந்த மாதம் எதற்கும் கை வரவில்லை. மாதா மாதம் எனக்குப் பிடித்துப்போன நாலைந்து விஷயங்களை, இதைச் செய்து பாருங்கள், அதை வாங்கிப் பாருங்கள் என்று ஆசை ஆசையாக எழுதுவேனே, அந்தப் பக்கத்துக்கு இம்முறை லீவு கேட்கலாமா என்றுகூட யோசித்தேன். பெண் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பங்குனி பிறந்தபோது பேரனுக்கு ஐந்து வாரம். வீட்டில் வெந்நீர் அண்டா அடுப்பை விட்டு இறங்குவதே இல்லை.

லீவு கேட்க நினைத்ததற்கு வேலை மட்டும் காரணம் இல்லை. அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் மாவடு.

எங்கள் கும்பகோணத்தில் பங்குனி வெயில் எப்படி இருக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரியும். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடிவிடுவார்கள். ஜூன் 12 வரை காவிரி வெறும் மணல்தான். அந்த வறட்சியில் கண்ணுக்குக் குளிர்ச்சியாகத் தெருவில் வருவது ஒன்றே ஒன்று, கூடை நிறைய மாவடு! இந்த வருஷம் பங்குனி மூன்றாம் தேதி கூடைக்காரம்மா வாசலில் வந்து குரல் கொடுத்தார். வாங்கும் மனநிலையில் நான் இல்லை. "பொண்ணு வந்திருக்கே, வாங்காம விடுவியா தாயி?" என்று அவரே படியால் அளந்து போட்டுவிட்டுப் போய்விட்டார்.

வடு வாங்கும்போது காம்போடு இருப்பதாகப் பாருங்கள். காம்பு இருந்த இடத்தில் பால் கசிந்து வாசனை தூக்க வேண்டும். அடிபட்டது, கறுத்தது ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது. ஒன்று ஜாடியையே கெடுத்துவிடும். காம்பைக் கொஞ்சம் விட்டு நறுக்கி, அலம்பி, வேஷ்டித் துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்துங்கள். ஒரு படி வடுவுக்கு ஓர் ஆழாக்குக் கல்லுப்பு, அதாவது எட்டுக்கு ஒன்று. இரண்டு மேஜைக்கரண்டி விளக்கெண்ணெயை வடு மேல் பிசிறி, உப்பும் கொஞ்சம் மஞ்சள்பொடியும் போட்டுப் பீங்கான் ஜாடியில் அடுக்குங்கள். விளக்கெண்ணெயா என்று மூக்கைச் சுளிக்காதீர்கள், வாசனையே தெரியாது. தினம் காலையும் மாலையும் ஜாடியைக் குலுக்க வேண்டும். நாலு நாளில் வடு தண்ணீர் விட்டுச் சுருங்கத் தொடங்கும். அந்தத் தண்ணீரிலேயே காய்ந்த மிளகாயையும் கடுகையும் நைசாக அரைத்துக் கலந்து, மறுபடி குலுக்கி வையுங்கள். பத்துப் பதினைந்து நாளில் ஊறிவிடும். ஈரக் கரண்டி மட்டும் உள்ளே போகவே கூடாது. இரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் ஆசைக்கு ஒன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒரு நாளைக்கு எல்லாவற்றிலும் சேர்த்து உப்பு 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எங்கள் வீட்டில் இவருக்கு ஒரு வடுவை நான் பாதியாக நறுக்கித்தான் போடுகிறேன். மீதிப் பாதியை எங்கே ஒளித்து வைக்கிறேன் என்று இவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும்!

ஜாடியைக் கட்டி அலமாரியில் வைத்தபோது பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன். சின்ன வயசில் அந்த ஜாடி பக்கத்தில் அவளை விட முடியாது. அரைகுறையாக ஊறினதையே எடுத்துக் கடிப்பாள். இப்போது வாசற்படியில் நின்று ஒரு பார்வை பார்த்தாள். "சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அது எனக்குச் சுருக்கென்றது. ஆனால் ஏன் என்று யோசிக்க நேரம் ஏது?

இரண்டாவது, பழைய வேஷ்டி. என் மாமனாரின் எட்டு முழ வேஷ்டிகள் நாலு பெட்டியில் இருந்தன. அவர் காலமாகி ஒன்பது வருஷமாகிறது. கொடுக்க மனசு வராமல் வைத்திருந்தேன். இந்த மாதம் எடுத்துக் கிழித்துக் குழந்தைக்குத் துணியாக்கினேன். நூறு தடவை தோய்த்த பருத்தித் துணியின் மென்மை கடையில் எத்தனை ரூபாய் கொடுத்தாலும் வராது. வெந்நீரில் தோய்த்து, சோப்பு போக நன்றாக அலசி, நல்ல வெயிலில் உலர்த்தினால் போதும். வாசனைத் திரவம் ஒன்றும் வேண்டாம், குழந்தையின் தோலுக்கு ஆகாது. மொட்டைமாடியிலிருந்து சாயங்காலம் எடுத்து வரும்போது அந்தத் துணியில் வெயில் வாசனை இருக்கும் பாருங்கள், அதை முகர்ந்துகொண்டே படியிறங்குவது என் மாதத்துச் சந்தோஷங்களில் முக்கியமானது. கொள்ளுப்பாட்டனார் பார்க்காத கொள்ளுப்பேரன் அவர் வேஷ்டியை நாளைக்குப் பத்துத் தடவை நனைக்கிறான்!

இனி நான் தள்ளிப்போட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

குழந்தை பிறந்த நாலாம் நாள் பெண் அழுதாள். அது எல்லோருக்கும் வருவதுதான். உடம்பில் சுரப்பிகள் சட்டென்று மாறுவதாலும் தூக்கம் கெடுவதாலும், பிள்ளை பெற்ற சில நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். இரண்டு வாரத்துக்குள் தானாகச் சரியாகிவிடும். இவளுக்குச் சரியாகவில்லை. மூன்றாம் வாரம், நாலாம் வாரம் என்று போயிற்று. பால் கொடுப்பாள், குழந்தையைக் குளிப்பாட்டக் கொடுப்பாள், மருந்து கொடுத்தால் விழுங்குவாள். ஆனால் முகத்தில் ஒன்றுமே இல்லை. குழந்தை தூங்கும்போதும் இவள் தூங்காமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் ராத்திரி, "என்னால முடியலம்மா. நான் நல்ல அம்மா இல்லம்மா" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஏண்டி, நாங்கெல்லாம் பிள்ளை பெத்துக்கலையா?"

அவள் பதில் பேசவில்லை. அதற்கப்புறம் என்னிடம் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. அடடா, சமாதானமாகிவிட்டாள் என்று நானும் நிம்மதியாக ரசத்துக்குப் பூண்டு தட்டப் போய்விட்டேன்.

ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குக் குழந்தையை எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். நர்ஸம்மா குழந்தையை எடை போட்டார், ஊசி போட்டார், சொட்டு மருந்து விட்டார். குழந்தை வீறிட்டது, ஓய்ந்தது. சீட்டில் எழுதிக்கொண்டே, நிமிராமல், "நீங்க தூங்குறீங்களாம்மா?" என்று என் பெண்ணிடம் கேட்டார். அவ்வளவுதான். அத்தனை பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில், பெஞ்சில் உட்கார்ந்தபடி, இவள் கேவிக் கேவி அழ ஆரம்பித்தாள். நாற்பத்திரண்டு நாளில் குழந்தை தூங்கியதா, பால் குடித்ததா, வெளிக்குப் போனதா என்று கேட்காத ஜனம் இல்லை. இவளைப் பார்த்துக் கேட்ட முதல் ஆள் அந்த நர்ஸம்மாதான். பெற்றவள் நான் பக்கத்தில் குழந்தையின் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

உள்ளே கூட்டிப்போய்ப் பத்துக் கேள்வி கேட்டார்கள். சிரிப்பு வருகிறதா, நாளைப் பற்றி ஆசையாக நினைக்க முடிகிறதா, தப்பு நடந்தால் எல்லாம் என்னால்தான் என்று தோன்றுகிறதா, தனக்கே ஏதாவது செய்துகொள்ளலாம் என்று நினைப்பு வருகிறதா என்கிற மாதிரி. எடின்பரோ கேள்வித்தாள் என்று பெயராம். 1987-ல் இதற்கென்றே உண்டாக்கியது, உலகம் பூராவும் உபயோகத்தில் இருக்கிறது. அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். டாக்டரம்மா இரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் பரிசோதிக்கச் சொன்னார். இவை இரண்டுமே இப்படிச் சோர்வைக் கொண்டுவருமாம். இவளுக்கு இரத்தம் குறைவாகத்தான் இருந்தது. ஆனால் அது மட்டும் இல்லை. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு என்று பெயர் சொன்னார். பால் கொடுக்கிறவர்களும் சாப்பிடக்கூடிய மருந்து இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். "உடனே குணம் தெரியாது, இரண்டு மூன்று வாரம் ஆகும். நடுவில் நிறுத்தாதீங்க" என்று இரண்டு தடவை சொன்னார். பேச்சுச் சிகிச்சைக்கும் வாரம் ஒரு நாள் வரச் சொல்லியிருக்கிறார்.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது எனக்கு முப்பத்துமூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரு மத்தியானம் ஞாபகம் வந்தது. இதே பெண் பிறந்து இரண்டு மாதம். பிறந்த வீட்டுக் கிணற்றடியில் நான் ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தேன். துணி தோய்க்க வந்தேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். என் அம்மாவிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "நாங்கெல்லாம் பெத்துக்கலையா?" என்றாள். அட்சரம் மாறாமல் அதே வார்த்தை! ஐந்தாறு மாதத்தில் எனக்கு எப்படியோ சரியாகிவிட்டது. ஆனால் அந்த வார்த்தையை மட்டும் பத்திரமாக வைத்திருந்து பெண்ணிடம் கொடுத்திருக்கிறேன், நகையைக் கொடுக்கிற மாதிரி.

ஆகவே, இந்த மாதம் நான் சிபாரிசு செய்வதில் முதல் இடம் அந்த நர்ஸம்மாவின் கேள்விக்குத்தான். பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போகிறவர்கள் வெள்ளிக் கிண்ணம் வாங்கிப் போகாவிட்டாலும் பரவாயில்லை. குழந்தையைப் பார்ப்பதற்கு முன்னால் அம்மாவைப் பார்த்து, "நீ தூங்கினியா? சாப்பிட்டியா? மனசு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள், கேட்டுவிட்டுப் பதிலுக்கு இருங்கள். அழுகையும் சோர்வும் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் டாக்டரிடம் போகத்தான் வேண்டும். பிறந்த உடனேதான் வரும் என்பதில்லை, முதல் வருஷத்தில் எப்போது வேண்டுமானாலும் வரலாம். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவேனோ என்று அவள் பயந்தாலோ, இல்லாத குரல் கேட்கிறது என்றாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள், தனியாக விடாதீர்கள், அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். நேரில் பேசக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற எண் இருக்கிறது. டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. காசு கிடையாது, ராத்திரி பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். காலண்டர் பக்கத்தில் எழுதி ஒட்டி வையுங்கள்; உங்களுக்கு வேண்டாவிட்டால் மாடிவீட்டுப் பெண்ணுக்கு வேண்டியிருக்கும்.

இதோடு சேர்த்து இன்னொன்று. இரும்புச்சத்து மாத்திரையைக் காப்பியோடு விழுங்குகிற வழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. என் பெண்ணுக்கு நானே அப்படித்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன்! காப்பி, டீ, பால் எல்லாம் அந்தச் சத்து உடம்பில் சேராமல் தடுத்துவிடும். எலுமிச்சம்பழச் சாற்றோடு சாப்பிட்டால் நன்றாகச் சேரும். சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இதோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது, அது வேறு வேளையில். பிரசவத்துக்கப்புறம் 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை உண்டு. வீட்டுக்கு வந்ததும் நிறுத்திவிடாதீர்கள்.

பத்தியத்தைப் பற்றியும் டாக்டரம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்று நான் அளந்து கொடுத்தேன், இவளுக்கோ பால் கொடுக்கிற உடம்பு, பங்குனி வெயில் வேறு! தாகத்துக்குத் தாராளமாகக் குடிக்கட்டும், கீரை, பருப்பு, முட்டை, பழம் எல்லாம் சாப்பிடட்டும் என்றார். பூண்டுக்குழம்பையும் பிரசவ லேகியத்தையும் நான் விட்டுவிடவில்லை. ஆனால் அவளுக்கு வேண்டாம் என்று தோன்றுகிற அன்றைக்கு வேண்டாம். குழந்தைக்கு மட்டும் ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர ஒன்றும் கிடையாது, தண்ணீரும்கூட. நாக்கில் தேன் தடவுவது எங்கள் பக்கத்திலும் உண்டு. ஒரு வயது முடியும் வரை தேன் கூடவே கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைக் குழந்தைக்கு ஆபத்து. சம்பந்தி அம்மாள் இதற்குக் கொஞ்சம் முகம் கோணினார். மாப்பிள்ளை போனில் என்ன சொன்னாரோ, மறுநாள் அவரே, "நீங்க சொல்றதுதான் சரி, டாக்டர் சொன்னா கேட்டுக்கணும்" என்றுவிட்டார்.

மாப்பிள்ளை வெள்ளிக்கிழமை ராத்திரி பெங்களூரில் ரயிலேறி வந்து, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி திரும்புகிறார். நடுவில் வரும் அந்த ஒரு ராத்திரி குழந்தை அவர் பொறுப்பு. பாலுக்கு மட்டும் இவளிடம் கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார். மற்ற நாளில் ராத்திரி பத்திலிருந்து இரண்டு மணி வரை நான், இரண்டிலிருந்து விடியும் வரை இவர். அறுபத்துமூன்று வயதில் துணி மாற்றக் கற்றுக்கொண்டிருக்கிறார்! முதல் தடவை முடிச்சு போட்டது குழந்தைக்கா மூட்டைக்கா என்று தெரியவில்லை. தன் மூன்று குழந்தைகளுக்கு ஒரு தடவைகூட மாற்றினதில்லை என்று நான் ஞாபகப்படுத்தினால், "அப்போ நீ கேக்கலையே" என்கிறார். கேட்டிருந்தால் செய்திருப்பாரா என்பது வேறு விஷயம். அதை இன்னொரு மாதம் எழுதுகிறேன்.

மூன்றாவது சந்தோஷம், மத்தியானம் மூன்று மணி. குழந்தை அசந்து தூங்கும் நேரம். அப்போது பாத்திரம் தேய்க்காமல், துணி மடிக்காமல், பெண் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டு ஒரு சிறுகதை படித்துக் காட்டுகிறேன். ஆர். சூடாமணியின் கதைகள். 1931-ல் பிறந்து 2010-ல் மறைந்த இந்த அம்மையார் சத்தமே போடாமல் எழுதியவர். குடும்பத்துக்குள் ஒருவரை ஒருவர் எவ்வளவு தப்பாகப் புரிந்துகொள்கிறோம் என்பதை இவரைப் போல மென்மையாகச் சொன்னவர்கள் குறைவு. சிறுகதைதான் பிள்ளை பெற்றவளுக்குச் சரி; நாவல் என்றால் நடுவில் குழந்தை எழுந்துவிடும். முதல் வாரம் அவள் கேட்டாளா என்றே தெரியாது. இரண்டாவது வாரம் ஒரு நாள் எனக்குக் கண்ணைச் சுழற்றி, பாதியில் நிறுத்திவிட்டேன். "அப்புறம் என்னம்மா ஆச்சு?" என்றாள். தூக்கமாவது ஒன்றாவது! எழுந்து உட்கார்ந்து படித்தேன்.

மற்றவை சுருக்கமாக. ராத்திரி வேப்பமரத்தடியில் பழைய புடவையை விரித்துவிட்டால் காலையில் பூவை மண் இல்லாமல் அள்ளலாம். நாலு வெயிலில் காய்ந்துவிடும், வருஷப் பிறப்புப் பச்சடிக்கும் வருஷம் பூராவும் ரசத்துக்கும் ஆச்சு. பானைத் தண்ணீரில் வெட்டிவேர் போடுகிறவர்கள் ஒரு துணியில் முடிந்து போடுங்கள், தூசு தொண்டையில் சிக்காது. சமையலறையில் ரேடியோ வைத்துக்கொள்ளுங்கள். கண்ணைக் கேட்காமல் காதோடு போகிற துணை அது ஒன்றுதான். வெள்ளரிப்பிஞ்சு வந்துவிட்டது, நுங்கு இனிமேல்தான்.

நேற்றுக் காலை நான் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். சமையலறையில் 'டொக்' என்று பீங்கான் மூடி வைக்கும் சத்தம். பூனையோ என்று ஓடி வந்தால், பெண் நிற்கிறாள். தோளில் குழந்தை, கையில் தயிர்சாதத் தட்டு, தட்டில் மூன்று வடு. இந்த மாதம் பூராவும் நான் பிசைந்து கொடுத்தால்தான் சாப்பாடு என்று இருந்தவள். ஒன்றைக் கடித்துவிட்டுக் கண்ணை இடுக்கினாள்.

"உப்பு ஒரு பிடி தூக்கலா இருக்கும்மா" என்றாள்.

இருக்கும். அன்றைக்கு நான் ஏதோ நினைப்பில் இரண்டு தடவை போட்டுவிட்டேன்.